குளிர்வாயு தீர்ந்து போவதில்லை



ஒரு காலத்தில் தோட்டப்புறங்களில் குளிர்சாதனம் பொருத்திய கார் என்றால், அது பெரும்பாலும் துரையின் காராகத்தான் இருக்கும். இன்று நிலைமை அப்படியில்லை. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் விற்பனைக்கு வந்த பிறகு, தொழிலாளர் குடும்பங்களின் வாசலிலும் கார் நிற்கத் தொடங்கியது. பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டியாக இருந்தாலும், பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், திருவிழாவுக்குப் போய்வரவும் அது கைகொடுக்கிறது. ஆனால் வண்டி பழையதாக ஆக, அதன் ஏர்கண்டிஷன் குளிர் தராமல் போய்விடுகிறது.

பட்டறைக்குக் கொண்டு போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "கேஸ் முடிந்துவிட்டது. அடித்துவிட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். பணத்தைக் கொடுக்கிறோம். வண்டி குளிர்கிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வெந்நீர்க் காற்றுப்போல் வீசுகிறது. மறுபடியும் பட்டறை, மறுபடியும் பணம். ஓராண்டில் இப்படிக் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்தால், பழுதான பாகத்தையே புதிதாக மாற்றியிருக்கலாம் என்பது தெரியவரும்.

நேயர்களே, இன்றைய உரையில் நாம் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. காரின் குளிர்வாயு பெட்ரோலைப் போல் எரிந்து தீர்ந்து போவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. இரப்பர்க் குழாய்களின் வழியாகவும் கம்ப்ரஸரின் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசியக்கூடும். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் குறைந்துவிட்டது என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவும், அடைத்த பிறகு முறையாக வாயுவை ஏற்றவும் சில கருவிகள் வேண்டும். அந்தக் கருவிகள் யாவை, அவை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், பட்டறையில் நடப்பது முறையான வேலையா, இல்லையா என்று நீங்களே கண்டுகொள்ளலாம். பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் அவசியம்.

முதலில், குளிர் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். மருத்துவமனையில் ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவுவார்கள். தடவிய இடம் சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதே அதற்குக் காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். காரிலும் நடப்பது இதுவே. இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் மிகப் பலவற்றில் ஆர் 134ஏ என்ற குளிர்வாயு இருக்கிறது. இது திறந்த வெளியில் பூஜ்யத்திற்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காரின் முன் பலகைக்குள் இருக்கும் கூலிங் காயிலில் இது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. பிறகு எஞ்சினோடு இணைந்த கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட ஆவியும் சூடாகிறது. அது வண்டியின் முகப்பில் இருக்கும் கண்டென்சருக்குப் போய், வெளிக்காற்றில் சூட்டை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்ற குப்பியைக் கடந்து, சிறு துளை உள்ள எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக மீண்டும் கூலிங் காயிலுக்கு வருகிறது. இந்தச் சுற்றில் ஒரு பக்கம் அழுத்தம் குறைவு, மறு பக்கம் அழுத்தம் அதிகம்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். முதற்கருவி, இரட்டை மீட்டர். பட்டறையில் இதைக் கேஜ் என்பார்கள். ஒரே சட்டத்தில் இரண்டு முள் கடிகாரங்களும், மூன்று இரப்பர்க் குழாய்களும், இரண்டு திருகு வால்வுகளும் இருக்கும். நீலக் குழாய் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு, சிவப்புக் குழாய் அதிக அழுத்தப் பக்கத்துக்கு, நடுவில் இருக்கும் மஞ்சள் குழாய் வாயுத் தோம்புக்கு அல்லது பம்புக்கு. ஆர் 134ஏ வண்டிகளில் இரு பக்கத்து வாய்களும் வெவ்வேறு அளவில் செய்யப்பட்டிருக்கின்றன. ஒன்றை மற்றொன்றில் தவறுதலாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து நோயை அறிவது போல, இந்த இரண்டு முள்களையும் பார்த்துக் கோளாறை அறியலாம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 இராத்தல். எஞ்சின் ஓடும்போது, நம் நாட்டு வெயிலில், நல்ல நிலையில் இருக்கும் ஒரு குளிர்சாதனத்தில் நீல முள் ஏறத்தாழ 30 முதல் 40 இராத்தலையும், சிவப்பு முள் 200 முதல் 250 இராத்தலையும் காட்டும். வண்டிக்கு வண்டி இதில் சிறிது மாற்றம் இருக்கும். இரண்டு முள்களும் தாழ்ந்து நின்றால் வாயு குறைவு. இரண்டும் உயர்ந்து நின்றால் வாயு மிகுதி, அல்லது கண்டென்சரில் அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது அதன் விசிறி சுழலவில்லை. நீல முள் உயர்ந்து, சிவப்பு முள் தாழ்ந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். பாருங்கள், குளிரவில்லை என்ற ஒரே குறைக்கு எத்தனை காரணங்கள்! இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே வாயு ஏற்றுவது மருந்து. மற்றவற்றுக்கு வாயு ஏற்றினால் நோய் முற்றும்.

செம்மண் சாலையில் ஓடும் வண்டிகளின் கண்டென்சரில் புழுதி படிவது இயல்பு. எஞ்சின் ஆறிய பிறகு, மெதுவான தண்ணீரால் அதைக் கழுவினாலே சில வண்டிகளில் பழைய குளிர் திரும்பிவிடும். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது கருவி, கசிவு காட்டும் கருவி. சைக்கிள் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிக்க அதைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? காரின் குழாய்களைத் தண்ணீரில் அமுக்க முடியாது. ஆகவே, சோப்பு நீரை இணைப்புகளில் தடவிப் பார்ப்பது எளிய வழி. மிகச் சிறிய கசிவைக் கண்டுபிடிக்க மின்கருவி இருக்கிறது. அதன் நுனியைக் குழாயின் அடிப்பகுதியில் மெல்ல நகர்த்த வேண்டும். குளிர்வாயு காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கித்தான் இறங்கும். வாயு பட்டவுடன் கருவி ஒலி எழுப்பும். இன்னொரு முறை, ஒளிரும் சாயத்தைக் குழாய்களுக்குள் செலுத்தி, சில நாள் ஓட்டிய பிறகு புற ஊதா விளக்கைக் காட்டுவது. கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும்.

பழைய தலைமுறைப் பட்டறைக்காரர்கள் சுடர்விளக்கு ஒன்றை வைத்துக் கசிவு பார்த்தார்கள். வாயு பட்டால் சுடரின் நிறம் பச்சையாக மாறும். அந்த விளக்கு குளோரின் கலந்த பழைய ஆர் 12 வாயுவுக்கு உரியது. ஆர் 134ஏயில் குளோரின் இல்லை, ஆகவே அந்தச் சுடர் நிறம் மாறாது. அன்றியும், குளிர்வாயு நெருப்பில் பட்டால் நச்சுப் புகை உண்டாகும். ஆதலால் அந்த விளக்கை இன்று ஒதுக்கிவிட வேண்டும். வாயு முழுவதும் போய்விட்ட வண்டியில் கசிவு பார்க்க நைட்ரஜன் வாயுவை அளவோடு ஏற்றிச் சோதிப்பார்கள். ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும்.

மூன்றாவது கருவி, வேக்கம் பம்பு. பட்டறைகளில் நேரத்தை மிச்சப்படுத்த முதலில் கைவிடப்படுவது இதுதான். நட்டம் நமக்கு. குழாயைக் கழற்றிப் பழுது பார்த்தால், உள்ளே காற்று புகுந்துவிடும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. அந்த ஈரம் உள்ளே தங்கினால் இரண்டு தீமைகள். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். வண்டி சிறிது நேரம் குளிரும், பிறகு நின்றுவிடும், எஞ்சினை நிறுத்திவைத்தால் மறுபடியும் குளிரும். மற்றொன்று, ஈரம் வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி, உட்பாகங்களை மெல்ல அரிக்கும்.

குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை எப்படி வெளியே எடுப்பது? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது சாதாரணக் காற்றழுத்தத்தில். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், தண்ணீர் 30 டிகிரியிலேயே, அதாவது நாம் இருக்கும் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வேக்கம் பம்பு இந்த வேலையைச் செய்கிறது. மீட்டரின் நீல முள் பூஜ்யத்திற்குக் கீழே இறங்கி, 29 அங்குலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நிலையில் அரைமணி நேரமாவது பம்பு ஓட வேண்டும். பிறகு வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, கால்மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்லது. மேலே ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது, அல்லது ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். ஆகவே பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், இந்த வேலை நடக்கவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது கருவி, தராசு. வாயுவுக்குத் தராசு எதற்கு என்று கேட்கலாம். சமையலறையில் இருக்கும் எரிவாயுத் தோம்பை நினைத்துப் பாருங்கள். முழுத் தோம்பானாலும் அரைத் தோம்பானாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று அறியத் தாய்மார்கள் தோம்பைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள். குளிர்வாயுவும் அப்படித்தான். எஞ்சின் நின்றிருக்கும்போது, 32 டிகிரி வெயிலில் மீட்டர் ஏறத்தாழ 100 இராத்தல் காட்டும். உள்ளே திரவம் சிறிதளவு மிச்சமிருந்தாலும் அதே 100தான், நிறைந்திருந்தாலும் அதே 100தான். ஆகவே முள்ளை மட்டும் பார்த்து வாயுவின் அளவைச் சொல்ல முடியாது. நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் வேண்டும் என்பது எஞ்சின் மூடியின் உட்புறத்திலோ அருகிலோ ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும். பல சிறிய கார்களுக்கு 400 முதல் 600 கிராம் வரை போதும். அளவு மிஞ்சினால் குளிர் கூடாது. அழுத்தம் ஏறி, கம்ப்ரஸரின் ஆயுள்தான் குறையும்.

ஐந்தாவது, மீட்புப் பொறி. பழுது பார்க்கும் முன் வண்டியில் மிஞ்சியிருக்கும் வாயுவை வெளியே ஊதிவிடாமல், உறிஞ்சித் தனித் தோம்பில் சேர்க்கும் கருவி இது. அந்தத் தோம்பை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் தோம்பு வெடிக்கும்.

வாயுவை ஏன் சேர்த்து வைக்க வேண்டும்? 1974ஆம் ஆண்டில் மொலீனா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஆர் 12 போன்ற வாயுக்களில் உள்ள குளோரின் வானத்தின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்தார்கள். 1985ஆம் ஆண்டில் தென்துருவத்தின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்துபோனது உலகுக்குத் தெரியவந்தது. சூரியனின் தீய கதிர்களைத் தடுப்பது ஓசோன். வெயிலில் நாள் முழுவதும் உழைக்கும் மக்களுக்கு அது ஒரு குடை. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மொன்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் 1989ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தன. ஆர் 12 படிப்படியாக நிறுத்தப்பட்டு, ஆர் 134ஏ வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியின் சூட்டைக் கூட்டுவதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. ஒரு காரில் இருக்கும் 500 கிராம் வாயுவை வெளியே விட்டால், அதன் கேடு ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். இதையும் குறைக்க 2016ஆம் ஆண்டில் கிகாலி நகரில் உடன்பாடு கண்டார்கள். புதிய கார்கள் பலவற்றில் ஆர் 1234ஒய்எப் என்ற வேறொரு வாயு வருகிறது. அதற்கு வாயும் வேறு, கருவிகளும் வேறு. அது தீப்பற்றக்கூடியது என்பதையும் தொழில் பழகுவோர் மறக்கக் கூடாது.

இனி, பட்டறையில் வேலை பழகும் தம்பிமார்களுக்குச் சில வார்த்தைகள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் குழாயைக் கழற்றாதீர்கள். சீறிவரும் திரவம் தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணில் பட்டிருந்தால் நிறைய நீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். மூடிய அறையில் வாயுவைத் திறந்துவிடாதீர்கள். அது தரையோடு தங்கி, மூச்சுக்கு வேண்டிய காற்றை விலக்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது வாயு ஏற்றுவதாக இருந்தால் நீல வால்வு வழியாக மட்டுமே ஏற்ற வேண்டும், தோம்பை நிமிர்த்தி வைத்தே ஏற்ற வேண்டும். தோம்பைக் கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரஸருக்குப் போய் அதை உடைத்துவிடும். சிவப்பு வால்வைத் திறந்தாலோ, 200 இராத்தலுக்கு மேற்பட்ட அழுத்தம் திரும்பித் தோம்புக்குள் பாயும். சிறிய டின்னாக இருந்தால் கையிலேயே வெடிக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத வாயுவை வாங்காதீர்கள். சமையல் எரிவாயுவை ஏற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2011ஆம் ஆண்டில், கப்பலில் ஏற்றும் குளிர்சாதனக் கொள்கலன்கள் சில வெடித்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆர் 134ஏ என்ற பெயரில் விற்கப்பட்ட போலி வாயு, கருவியில் இருந்த அலுமினியத்தோடு சேர்ந்து வெடிபொருளாக மாறியதே காரணம். தோம்பில் இருப்பது உண்மையான வாயுதானா என்று சோதிக்கவும் கருவி உண்டு. வசதியுள்ள பட்டறைகள் அதை வைத்திருக்கின்றன.

தாய்மார்களே, காலியான குளிர்வாயுத் தோம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அதைக் காற்றுத் தோம்பாக மாற்றிப் பயன்படுத்துவதும் ஆபத்து. உள்ளே துருப்பிடித்து ஒரு நாள் வெடித்துவிடும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது.

அடுத்த முறை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போகும்போது, பணிவாக நான்கு கேள்விகள் கேளுங்கள். "அண்ணே, மீட்டர் மாட்டிப் பார்த்தீர்களா? எங்கே கசிகிறது என்று காட்ட முடியுமா? வேக்கம் எவ்வளவு நேரம் போடுவீர்கள்? எத்தனை கிராம் ஏற்றுவீர்கள்?" நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். தம் வேலையின் அருமை தெரிந்த வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று மகிழ்வார். அவர் கேட்கும் கூலி சற்று அதிகமாக இருந்தாலும், ஓட்டையை அடைக்காமல் ஆண்டுக்கு நான்கு முறை கொடுக்கும் பணத்தைவிட அது குறைவுதான்.

பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணும் பெற்றோர்களே, குளிர்சாதனத் தொழிலுக்கு நம் நாட்டில் என்றும் வேலை உண்டு. வெயில் உள்ளவரை இந்தத் தொழிலும் இருக்கும். மலேசியாவில் தொழிற்பயிற்சிக் கழகங்களில் இதற்கான வகுப்புகள் நடக்கின்றன. படித்துத் தேறியவர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கிறது. பட்டறையில் பார்த்துப் பழகிய கைக்குச் சான்றிதழும் சேர்ந்தால், பிள்ளை கூலியாளாக நின்றுவிடாமல், ஒரு நாள் சொந்தப் பட்டறைக்கு முதலாளியாகலாம். அவனுக்கு முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டியவை ஓர் இரட்டை மீட்டரும், கண்ணுக்கு ஒரு காப்புக் கண்ணாடியும்தான். முள் சொல்வதைப் படிக்கக் கற்றுக்கொண்டவன், வாடிக்கையாளரிடம் ஊகமாக எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.